வீஜா பலகை: அச்சம் எங்கிருந்து வந்தது?

வீஜா பலகை அமெரிக்காவில் 1890இல் உருவாக்கப்பட்டு, 1891 முதல் பொம்மைக் கடைகளில் விற்கப்பட்ட பலகை விளையாட்டு. ஆங்கில எழுத்துகள் வரையப்பட்ட பலகையின் மேல் சிறிய சுட்டி ஒன்றை வைத்து, இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ அதன் மீது விரல்களை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். சுட்டி எழுத்து எழுத்தாக நகர்ந்து பதில் சொல்லும். பதில் சொல்வது யார் என்பதுதான் இவ்விளையாட்டின் புதிர். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் 'ஓஜா போர்டு' என்ற பெயரில், தாளில் எழுத்துகளை எழுதி, நாணயத்தையோ டம்ளரையோ சுட்டியாக வைத்து ஆடப்படுவதும் இதுவே.

இன்று இவ்விளையாட்டைப் பெரும்பாலானோர் அறிந்திருப்பது பேய்ப்படங்களின் வழியாக. 'அதைத் தொடாதே' என்ற எச்சரிக்கையோடுதான் அது அறிமுகமாகிறது. ஆனால் விற்பனைக்கு வந்து எண்பது ஆண்டுகள் வரை பெரும்பாலான வீடுகளில் இது அச்சமூட்டும் பொருளாக இருக்கவில்லை. காதலர்கள் ஆடினார்கள், குடும்பங்கள் ஆடின, குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகவும் வாங்கித் தந்தார்கள். பலகையின் வடிவமும் விதிகளும் பெரிதாக மாறவில்லை. மாறியது அதைப் பார்த்த கண். இவ்விளையாட்டின் அச்சம் பெட்டிக்குள் வைத்து விற்கப்பட்டதல்ல, அதை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த அச்சம் இதன் உண்மையான ஆபத்தை மறைத்துவிட்டது என்பது அதன் தொடர்ச்சி.

பலகையின் அமைப்பு

பலகையில் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளும் இரண்டு வளைந்த வரிசைகளில் இருக்கும். அவற்றின் கீழே ஒன்று முதல் பூச்சியம் வரை எண்கள். மேல் மூலைகளில் ஒருபுறம் சூரியனும் 'ஆம்' என்ற சொல்லும், மறுபுறம் நிலவும் 'இல்லை' என்ற சொல்லும். அடியில் 'விடைபெறுகிறேன்' என்ற பொருள் தரும் 'குட் பை'. பிளாஞ்செட் எனப்படும் சுட்டி இதய வடிவில், மூன்று கால்களுடன் இருக்கும். அவ்வளவுதான். பேய் உருவம் இல்லை, எலும்புக்கூடு இல்லை, இரத்தத் துளி இல்லை.

பலகை விளையாட்டு என்றால் அதற்குத் தொடக்கம், இலக்கு, முடிவு, வெற்றி, தோல்வி இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வீஜாவில் இவற்றில் எதுவும் இல்லை. பகடை இல்லை, காய்கள் இல்லை, முறை வைத்து ஆடுவது இல்லை. வென்றவர் யாரும் இல்லை. எதிராளி உண்டா என்பதுகூடத் தெரியாது. அதே நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே காயை நகர்த்துகிறார்கள், ஆனால் தான் நகர்த்தியதாக ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. இதுவே இவ்விளையாட்டின் முழு இயங்குமுறை. பிற்காலத்தில் இதன் மீது ஏற்றப்பட்ட எல்லாப் பொருள்களும் இந்த ஒரு வெற்றிடத்தில்தான் வந்து அமர்ந்தன.

பொம்மையாகப் பிறந்த கதை

நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் 1848இல் ஃபாக்ஸ் சகோதரிகள் இறந்தவர்களின் ஆவியோடு தட்டல் ஒலிகள் மூலம் பேசுவதாகச் சொன்னதிலிருந்து, ஆவியுலக நம்பிக்கை அமெரிக்காவில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. உள்நாட்டுப் போரின் சாவுகள் அதற்கு மேலும் வலு சேர்த்தன. ஆனால் தட்டல்களை எண்ணி ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது மிகவும் மெதுவான வேலை. 1880களில் ஒஹாயோ மாநிலத்தில் எழுத்துப் பலகைகள் புழக்கத்துக்கு வந்தன.

பால்டிமோரைச் சேர்ந்த சார்லஸ் கென்னார்டும் வழக்கறிஞரான எலைஜா பாண்டும் வேறு சிலரும் 1890இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி இப்பலகையை வணிகப்பொருளாக்கினார்கள். ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட், அந்த ஒலிகள் தாங்கள் கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பியவையே என்று 1888இல் மேடையேறி ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டே ஆண்டுகளில் இந்த நிறுவனம் பிறந்தது. ஆவியுலக இயக்கம் ஆட்டம் கண்ட காலத்தில்தான் அதன் கருவி கடைப்பொருளாயிற்று.

'வீஜா' என்ற பெயரைப் பலகையே சொன்னது என்பது நிறுவனர்கள் தந்த கதை. பாண்டின் உறவினரான ஹெலன் பீட்டர்ஸ் பலகையில் அமர்ந்து பெயரைக் கேட்டதாகவும், பொருள் என்ன என்று கேட்டபோது 'நல்வாய்ப்பு' என்று பதில் வந்ததாகவும் அக்கதை சொல்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் 'ஆம்' என்பதைக் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து உண்டானது என்ற பரவலான விளக்கம் பின்னால் வந்தது. காப்புரிமை பெறுவதற்காக அலுவலகத்தில் பலகை செயல்படுவதைக் காட்ட வேண்டியிருந்தது என்றும், அங்கிருந்த அதிகாரியின் பெயரைப் பலகை சரியாகச் சொல்லிவிட்டது என்றும் இன்னொரு கதை உண்டு. இவை விளம்பரத்துக்கு உதவிய கதைகள் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

1891 பிப்ரவரி 10 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. அந்த ஆவணத்தில் கண்டுபிடிப்பின் தலைப்பு 'பொம்மை அல்லது விளையாட்டு'. ஆவிகள் தலைப்பில் இல்லை. கடை விளம்பரங்களோ வேறு மொழியில் பேசின. கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றிப் பதில் சொல்லும் அதிசயப் பலகை என்றன. விலை ஒன்றரை டாலர். ஆவணத்தில் பொம்மை, விளம்பரத்தில் அதிசயம் என்ற இந்த இரட்டைப் பேச்சு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

முதல் வரவேற்பு: காதலும் துக்கமும்

முதல் சில பத்தாண்டுகளில் வீஜாவுக்குக் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ள அதன் பழைய பயன்பாட்டுக் குறிப்பே போதும். பலகையை இருவரின் மடிமீது வைக்க வேண்டும், அந்த இருவர் ஓர் ஆணும் பெண்ணுமாக இருப்பது நல்லது என்று அது பரிந்துரைத்தது. ஆணும் பெண்ணும் முழங்கால் உரச அமர்வதற்கு எளிதில் இடம் கிடைக்காத ஒரு சமூகத்தில் இந்த வரி என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1920 மே மாதம் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழின் அட்டைக்கு நார்மன் ராக்வெல் வரைந்த ஓவியம் இதைத்தான் காட்டுகிறது. ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் எதிரெதிரே அமர்ந்து மடியில் பலகையை வைத்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தில் பயம் இல்லை, குறும்பு இருக்கிறது.

அதே ஆண்டுகளில் இன்னொரு வகை வரவேற்பும் இருந்தது. முதல் உலகப் போரும் 1918இன் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றும் ஏராளமான வீடுகளில் இளம் சாவுகளைக் கொண்டுவந்திருந்தன. பலருக்குப் பிள்ளையின் உடலைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் பலகை பொழுதுபோக்காக இருக்கவில்லை. மகனிடமிருந்து ஒரு சொல் வராதா என்று காத்திருக்கும் இடமாக இருந்தது. கென்னார்டுக்குப் பின் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்ட வில்லியம் ஃபுல்ட் இக்காலத்தில் பால்டிமோரில் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார். தொழில் பெருகும், அதற்குத் தயாராக இரு என்று பலகை சொன்னதாலேயே அதைக் கட்டியதாகச் சொல்லிக்கொண்டார். 1927இல் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். இது பிற்காலத்தில் பலகையின் 'சாபக் கதை'களில் ஒன்றாயிற்று. அன்று அது ஒரு தொழிற்சாலை விபத்து.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கிறிஸ்தவப் போதகர்கள் இதைக் குறிசொல்லும் பாவம் என்று கண்டித்தார்கள். மனநலம் கெடும் என்று மருத்துவர்கள் சிலர் எச்சரித்தார்கள். ஆயினும் இவை அன்றைய பொதுக்கருத்தாக ஆகவில்லை. ஒரே பொருள் காதலர்களுக்கு ஒன்றாகவும், பிள்ளையை இழந்த தாய்க்கு வேறொன்றாகவும், போதகருக்கு மற்றொன்றாகவும் இருந்தது.

நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

வீஜா என்பது விளையாட்டா என்ற கேள்வி ஒருமுறை நேரடியாகவே நீதிமன்றத்துக்கு வந்தது. முதல் உலகப் போர்க்கால வரிச் சட்டம் விளையாட்டுப் பொருள்களுக்கு வரி விதித்திருந்தது. பால்டிமோரில் பலகை தயாரித்த நிறுவனம் அவ்வரியைக் கட்டியபின் எதிர்த்து வழக்காடியது. இது விளையாட்டு அல்ல, ஆவியுலகத் தொடர்புக்கான கருவி, எனவே வரி பொருந்தாது என்பது அதன் தரப்பு. 1922இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பலகை விளையாட்டாகவே வரிக்குள் வந்தது. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

வேடிக்கையான வழக்கு என்று இதைக் கடந்துவிட முடியாது. காப்புரிமை வேண்டியபோது 'பொம்மை' என்றார்கள். வரி வந்தபோது 'மீடியம்' என்றார்கள். வாங்குபவரிடம் இரண்டையும் சொன்னார்கள். தயாரிப்பாளர்களுக்கு ஒரு நிலைப்பாடு தேவைப்படவில்லை. தெளிவின்மையே அவர்களுடைய சரக்கு. வீஜா பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை ஆவி உண்டா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுகின்றன. அந்தக் கேள்வி முடிவில்லாமல் நீடிப்பதில் யாருக்கு இலாபம் என்று கேட்டவை மிகக் குறைவு.

அறிவியலின் பதில்

சுட்டியை நகர்த்துவது யார் என்பதற்கு வீஜா பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்பே விடை கிடைத்திருந்தது. ஆவி வந்து மேசையை நகர்த்துகிறது என்ற நம்பிக்கை பரவியிருந்த 1853இல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்தார். மேசைக்கும் கைகளுக்கும் இடையே மென்மையான பசையால் ஒட்டிய அட்டை அடுக்குகளை வைத்தார். மேசை கையை இழுத்தால் கீழ் அடுக்கு முதலில் நகர வேண்டும், கை மேசையைத் தள்ளினால் மேல் அடுக்கு. மேல் அடுக்கே முதலில் நகர்ந்திருந்தது. கையின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றை அமைத்து அமர்ந்தவர்களையே பார்க்கச் செய்தபோது மேசை நின்றுவிட்டது. அவர்கள் ஏமாற்றவில்லை. தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டு வில்லியம் கார்பெண்டர் இவ்வகை அசைவுக்கு 'ஐடியோமோட்டார்' என்று பெயரிட்டிருந்தார். நினைப்பு, நினைப்பவரின் முடிவு இல்லாமலேயே தசையை அசைத்துவிடும் என்பது இதன் பொருள். வீஜா ஆடுபவர்களின் கண்களைக் கட்டிவிட்டுப் பலகையை அவர்களுக்குத் தெரியாமல் திருப்பி வைத்தால், எழுத்துகள் முன்பு இருந்த இடத்துக்கே சுட்டி போகும், பதிலில் பொருள் இராது. ஆவிக்குக் கண் தெரிய வேண்டும், அதுவும் ஆடுபவரின் கண் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் அறிவியலின் கதை இதோடு முடியவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பங்கேற்பவர் கண்கட்டிக்கொண்டு இன்னொருவருடன் சேர்ந்து சுட்டியின் மேல் கை வைப்பார். மற்றவர் ஓசையின்றிக் கையை எடுத்துவிடுவார். தனியாக நகர்த்துகிறோம் என்பதை அறியாமல் பங்கேற்பவர் 'ஆம், இல்லை' கேள்விகளுக்குப் பதில் தருவார். தமக்கு விடை தெரியாது, ஊகம் மட்டுமே என்று அவர்கள் சொன்ன கேள்விகளுக்கு வாயால் விடை சொன்னபோது பாதியளவே சரியாக இருந்தது. பலகை வழியே சொன்னபோது ஏறத்தாழ 65 விழுக்காடு சரியாக இருந்தது. அதாவது தெரியாது என்று நினைக்கும் ஏதோ ஒன்று நமக்குத் தெரிந்திருக்கலாம். பலகை அதை வெளியே எடுக்கலாம். 'எல்லாம் வெறும் ஏமாற்று' என்று சிரிப்பவரும், 'எல்லாம் ஆவி' என்று நடுங்குபவரும் தவறவிடுவது இதைத்தான்.

எழுத்தாளர்கள் கண்ட பலகை

வீஜாவை மிகவும் ஆழமாகப் பயன்படுத்தியவர்கள் எழுத்தாளர்கள் என்பதில் வியப்பில்லை. 'இதை நான் எழுதவில்லை, என் வழியாக வந்தது' என்ற உணர்வு எழுதுபவர்களுக்குப் புதிதல்ல. செயின்ட் லூயிஸ் நகரில் வாழ்ந்த பேர்ல் கரன் 1913 முதல் 'பேஷன்ஸ் வொர்த்' என்ற, முன்னொரு நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் சொற்களை வீஜா வழியாகப் பெற்றார். கவிதைகளும் நாவல்களும் வெளிவந்தன. நாளிதழ்கள் அவற்றைப் பாராட்டவும் செய்தன. ஓர் இல்லத்தரசி தன் பெயரில் எழுதியிருந்தால் இத்தனை கவனம் கிடைத்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அங்கே பலகை அச்சப் பொருளாக இல்லை, எழுதுவதற்குக் கிடைத்த அனுமதியாக இருந்தது.

எமிலி கிராண்ட் ஹட்சிங்ஸ் 1917இல் வெளியிட்ட 'ஜாப் ஹெரான்' நாவல் மறைந்த மார்க் ட்வைன் வீஜா வழியே சொன்னதாக அறிவிக்கப்பட்டது. ட்வைனின் மகளும் பதிப்பகமும் எதிர்த்து வழக்குத் தொடுக்கவே நூல் நிறுத்தப்பட்டது. கரன் கதையில் உரிமையாளர் இல்லாத சொற்கள் கவிதையாயின. இங்கே அதே சொற்கள் பிறர் பெயரைக் களவாடும் வழியாயின. கருவி ஒன்றுதான்.

இவ்வகையில் மிக உயர்ந்த சாதனை கவிஞர் ஜேம்ஸ் மெரில் 1982இல் முழுமையாக வெளியிட்ட 'தி சேஞ்சிங் லைட் அட் சாண்டோவர்' என்ற நெடுங்கவிதை. தம் துணைவர் டேவிட் ஜாக்சனுடன் பல ஆண்டுகள் வீட்டில் செய்த பலகையில், தேநீர்க் கோப்பையைச் சுட்டியாக வைத்து ஆடியதிலிருந்து அது உருவானது. அதில் வரும் குரல்கள் உண்மையா கற்பனையா என்று மெரில் கவிதைக்குள்ளேயே ஐயப்படுகிறார், விடை காண அவசரப்படவில்லை. இவ்விளையாட்டுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனமும் அதுவே எனலாம்.

1973க்குப் பின்

1966இல் ஃபுல்ட் குடும்பத்திடமிருந்து வீஜாவை பார்க்கர் பிரதர்ஸ் வாங்கியது. 'மோனோபோலி' விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் அது. தலைமையிடம் மாசசூசெட்ஸின் சேலம் நகரம். 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட விசாரணைகளோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் ஊர். பிறகு எழுந்த கதைகளுக்கு இந்தத் தற்செயல் வசதியாக இருந்தது. அப்போதும் பலகை குடும்ப விளையாட்டுதான். 1967இல் 20 இலட்சம் பலகைகள் விற்று மோனோபோலியையே முந்தியது என்று சொல்லப்படுகிறது.

1973 டிசம்பரில் வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய 'தி எக்ஸார்சிஸ்ட்' வெளியானது. வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 1971ஆம் ஆண்டு நாவலை அடிப்படையாகக் கொண்ட படம். அதில் வீஜா வருவது சிறு காட்சி ஒன்றில்தான். பன்னிரண்டு வயதுச் சிறுமி ரீகன் வீட்டின் கீழ்த்தளத்தில் பலகையைத் தாயிடம் காட்டுகிறாள். 'கேப்டன் ஹௌடி' என்பவரோடு பேசுவதாகச் சொல்கிறாள். தாய் விரல் வைக்கப் போகும்போது சுட்டி தானாக விலகி ஓடுகிறது. அந்த ஓர் அசைவே இவ்விளையாட்டின் அடிப்படை விதியை உடைக்கிறது. எந்தக் கையும் தொடாமல் சுட்டி நகர்வது வீஜாவின் எண்பது ஆண்டுப் பயன்பாட்டுக் குறிப்பில் இல்லாத ஒன்று. படம் பார்த்தவர்களுக்கு அதன்பின் பலகை வேறு பொருளாகிவிட்டது.

பிறகு 1986இல் 'விட்ச்போர்டு' உள்ளிட்ட பல படங்கள் வந்தன. தனியாக ஆடக்கூடாது, இடுகாட்டில் ஆடக்கூடாது, 'குட் பை' சொல்லாமல் எழக்கூடாது என்று வாய்வழியாகப் புதிய விதிகள் பரவின. இவற்றைத் தயாரிப்பாளர்கள் எழுதவில்லை, ஆடியவர்களும் பார்த்தவர்களும் எழுதினார்கள். ஒரு விளையாட்டை அதன் ஆட்டக்காரர்களே திருத்தி எழுதியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் ஹாரி பாட்டர் புத்தகங்களோடு வீஜா பலகைகளும் தேவாலய வளாகத்தில் எரிக்கப்பட்டன. 1920இல் அட்டைப்பட நகைச்சுவையாக இருந்த பொருள் எரிக்கப்பட வேண்டிய பொருளாக மாறியிருந்தது.

அச்சம் விற்பனைக்கு

1991 முதல் வீஜாவின் உரிமை ஹாஸ்ப்ரோவிடம் உள்ளது. அது 2008இல் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்புப் பலகையை வெளியிட்டுக் கண்டனத்துக்குள்ளானது. 2014இல் அதே நிறுவனத்தின் பங்கேற்போடு 'வீஜா' என்ற பேய்ப்படமே வந்தது. திரை விமர்சகர்கள் அதை ஒதுக்கினார்கள். ஆனால் ஏறத்தாழ 50 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2016இல் மைக் ஃபிளானகன் இயக்கிய முன்கதைப் படம் அதைவிட நல்ல வரவேற்பைப் பெற்றது. அதன் கதை நடப்பது 1967இல். பலகையின் விற்பனை உச்சத்தில் இருந்த அதே ஆண்டுக்குள் பின்னோக்கிப் போய்ப் பேயைக் குடியேற்றியது படம். ஒரு காலத்தில் அவதூறாக இருந்தது இப்போது விளம்பரமாயிற்று.

ஒப்பிட, 1991இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'நைட்மேர்' விளையாட்டைச் சொல்லலாம். வீடியோ கேசட்டோடு வந்த அவ்விளையாட்டில் 'கேட்கீப்பர்' என்ற பாத்திரம் திரையில் தோன்றி ஆடுபவர்களை அதட்டும். ஒரு மணி நேரத்துக்குள் யாரும் வெல்லாவிட்டால் அவரே வென்றதாகும். அங்கே அச்சம் பெட்டிக்குள்ளேயே வருகிறது. கேசட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பயமுறுத்துவதற்காகவே செய்யப்பட்ட விளையாட்டு பயமற்ற நினைவாக, சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது. பயமுறுத்தும் படம் ஒன்றுகூட இல்லாத பலகை வீட்டுக்குள் வரக்கூடாத பொருளாகிவிட்டது.

மதிப்பீடு

விளையாட்டு என்ற அளவில் வீஜா எளிமையானது, வலிமையானது. 'தான் சொல்லவில்லை' என்ற நிலையில் மனிதர்கள் எதையெல்லாம் சொல்வார்கள் என்பதைக் காட்டும் கருவி அது. ராக்வெலின் இளைஞன் காதலைச் சொல்லலாம். கரன் கவிதை சொல்லலாம். தாய் தன் துக்கத்தைத் தன்னிடமே சொல்லிக்கொள்ளலாம். விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்வரை இதில் பழிக்க ஏதுமில்லை.

ஆபத்து தொடங்கும் இடம் வேறு. 1994இல் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கை விசாரித்த நடுவர் குழுவினர் தீர்ப்புக்கு முந்தைய இரவு விடுதியில் தங்க வைக்கப்பட்டார்கள். அவர்களில் நால்வர் எழுத்துகள் எழுதிய தாள்களையும் ஒரு கண்ணாடிக் கோப்பையையும் வைத்துக்கொண்டு, கொலையுண்டவரிடமே குற்றவாளி யார் என்று கேட்டார்கள். பெயரும் வந்தது. மறுநாள் குழு ஒருமனதாகக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இது வெளியே தெரிந்ததும் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளி என்றே முடிவாயிற்று. ஆனால் முதல் தீர்ப்பின் சிக்கல் அது சரியா தவறா என்பதல்ல. ஒரு மனிதனின் வாழ்நாளை முடிவு செய்யும் பொறுப்பை ஏற்றவர்கள், அந்தப் பொறுப்பை ஒரு கோப்பையின் மேல் வைத்துவிட்டார்கள் என்பதுதான்.

அந்த அறையில் ஹாஸ்ப்ரோ பலகைகூட இல்லை. பேயும் தேவைப்படவில்லை. தாங்கள் ஏற்கெனவே நினைத்திருந்ததை வேறொருவரின் வாயால் கேட்க விரும்பிய நால்வர் போதுமானவர்களாக இருந்தார்கள். 'தொடாதே, பேய் வரும்' என்ற எச்சரிக்கை இந்த இடத்தில் பயன்படாது. பேய்க்கு அஞ்சுபவர் பலகையைத் தள்ளி வைப்பார். தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்க அஞ்சுபவர் பலகை இல்லாமலும் ஆடுவார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரைப்படங்களும் போதகர்களும் விளம்பரங்களும் முதல் அச்சத்தைப் பற்றியே பேசிவந்தார்கள்.

விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு நாணயத்தின் மேல் விரல் வைக்கும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. நாணயம் நகரும், அது உறுதி. வந்த சொல்லில் நம் பங்கு எவ்வளவு, அந்தச் சொல்லை நம்பி நாளை என்ன செய்யப் போகிறோம் என்பவற்றுக்குப் பலகை பதில் சொல்வதில்லை.